கோழியும் வாத்தும்: இரையும் எச்சமும்

மேற்கு வங்கம், அசாம் ஆகிய மாநிலங்களின் சிற்றூர்களில் பல வீடுகளின் பின்புறம் ஒரு குளம் இருக்கும். கரையில் கோழிகள் குப்பையைக் கிளறும். நீரில் வாத்துகள் தலைகீழாகக் கவிழ்ந்து இரை தேடும். மாலையில் இரண்டும் முற்றத்துக்குத் திரும்பி, ஒரே தட்டில் இட்ட தவிட்டையும் குருணையையும் உண்பதும் உண்டு. மறுநாள் காலையில் அவை அடைந்திருந்த இடத்தைப் பார்த்தால், உண்டது ஒன்றாயினும் கழித்தது வேறு என்பது விளங்கும். கோழி அடைந்த இடத்தில் எச்சம் திரண்டு கிடக்கும்; வாத்து அடைந்த இடமோ சேறாகியிருக்கும்.

பறவைகளுக்குப் பல் இல்லை. கோழி தானிய மணியைக் கொத்தி அப்படியே விழுங்குகிறது. அது கழுத்தின் அடிப்பகுதியில் உள்ள தீனிப்பையில் தங்கி ஊறுகிறது. மாலையில் கூடடையும் கோழியின் மார்புக்கு மேலே தொட்டுப் பார்த்தால் அப்பை புடைத்திருக்கும், காலையில் தட்டையாகிவிடும். பின்னர்த் தீனி, செரிமான நீர் சுரக்கும் இரைப்பையைக் கடந்து அரைவைப்பையை அடைகிறது. தடித்த தசையாலான அப்பையில், கோழி அவ்வப்போது விழுங்கிய சிறு கற்களே பல்லின் வேலையைச் செய்கின்றன. அம்மியும் குழவியும் வயிற்றுக்குள்ளேயே அமைந்துவிட்டன எனலாம்.

வாத்துக்கும் அரைவைப்பை உண்டு. ஆனால், கோழிக்கு இருப்பது போன்ற தனித்த தீனிப்பை இல்லை. உணவுக்குழலே சற்று அகன்று தீனியைத் தாங்குகிறது. அலகின் ஓரங்களில் சீப்பின் பற்கள் போன்ற தகடுகள் உள்ளன. சேற்றுநீரை வாயில் கொண்டு, நீரை மட்டும் வெளியேற்றி, புழுவையும் நத்தையையும் விதையையும் நிறுத்திக்கொள்ள அவை உதவுகின்றன. உலர்ந்த மாவுத்தீனி வாத்தின் அலகில் ஒட்டிக்கொள்ளும். தொண்டையை அடைக்கவும் கூடும். ஆகவே, ஒரு வாய் தீனி, ஒரு வாய் நீர் என மாறி மாறி உட்கொள்வது அதன் இயல்பு. தீனித்தட்டுக்கும் நீர்த்தொட்டிக்கும் இடையே அது ஓயாமல் நடப்பதைக் குறும்பு என்று எண்ணுவது தவறு.

உட்கொண்ட நீர் வெளியேறத்தானே வேண்டும்? கோழியின் எச்சத்தில் 100 பங்கில் ஏறத்தாழ 75 பங்கு நீர். வாத்தின் எச்சத்திலோ 90 பங்கு நீர். பறவைகளில் சிறுநீர் தனிவழியில் வெளியேறுவதில்லை. அதுவும் குடற்கழிவும் ஒரே துளை வழியாக வருகின்றன. எச்சத்தின் மேல் காணப்படும் வெண்மை யூரிக் அமிலம். சில வேளைகளில் கோழி பழுப்பு நிறத்தில், பிசுபிசுப்பாக, மிகுந்த நாற்றத்துடன் எச்சமிடும். புதிதாகக் கோழி வளர்ப்போர் இதைக் கண்டு அஞ்சுவர். சிறுகுடலும் பெருங்குடலும் கூடுமிடத்தில் உள்ள இரு குடற்பைகளில் நொதித்த பொருளே அது, நோய் அன்று.

எச்சம் என்பதற்கு எஞ்சியது என்பதே பொருள். பொருள் முற்றாமல் எஞ்சி நிற்கும் சொல்லைப் பெயரெச்சம், வினையெச்சம் என்று இலக்கணம் கூறுகிறது. பறவை செரித்தது போக எஞ்சியதற்கும் அதே சொல் வழங்குகிறது.

இவ்வேறுபாட்டை அறியாமல் இரண்டையும் ஒரே கொட்டகையில் அடைத்தால் முதலில் துன்புறுவது கோழியே. உமி பரப்பிய கூளத்தை வாத்தின் எச்சம் நனைத்துவிடும். ஈரக் கூளத்திலிருந்து எழும் அம்மோனியா கோழியின் கண்ணையும் மூச்சையும் தாக்கும். இரத்தக் கழிச்சலை உண்டாக்கும் நுண்ணுயிரியும் ஈரத்தில் எளிதாகப் பரவும். தீனியில் துன்புறுவது வாத்துக்குஞ்சு. கோழிக்குஞ்சைக் காட்டிலும் அதற்கு நியாசின் என்னும் உயிர்ச்சத்து மிகுதியாக வேண்டும். கோழிக்குஞ்சுத் தீனியை மட்டுமே உண்டு வளர்ந்தால், அதன் கால்கள் வளைந்து, நடக்க இயலாமல் போகலாம்.

கோழிகளை ஊரோடு அழிக்கும் கொடிய நோய் ஒன்று உண்டு. இன்றைய உத்தரகாண்டில் உள்ள ராணிகேத் என்னும் மலையூரின் பெயரால் இந்தியாவில் அது அழைக்கப்படுகிறது. தமிழ்நாட்டு உழவர்கள் எச்சத்தின் நிறத்தைக் கண்டு அதற்கு 'வெள்ளைக் கழிச்சல்' என்று பெயரிட்டனர். வாத்துகளை அந்நோய் பெரும்பாலும் வாட்டுவதில்லை. எனவே, முற்றத்தில் வாத்துகள் நலமாக உலவினாலும், கோழிகளுக்குத் தடுப்பூசி இட்டே ஆக வேண்டும்.

சொற்பொருள்
குருணை – உடைந்த அரிசி
கூளம் – தரையில் பரப்பும் உமி, வைக்கோல் முதலியன
கழிச்சல் – வயிற்றுப்போக்கு

பயிற்சி
1. வாத்து தீனித்தட்டுக்கும் நீர்த்தொட்டிக்கும் இடையே நடப்பது ஏன்?
2. 'கிளறிய கோழி', 'கிளறி உண்டது' – இவற்றுள் பெயரெச்சம் எது? வினையெச்சம் எது?
3. தவிடு, உமி, குருணை ஆகியவற்றை நீங்கள் வாழும் மாநிலத்தின் மொழியில் எவ்வாறு அழைப்பர்? வீட்டுப் பெரியோரிடம் கேட்டு எழுதுக.