ஒன்றரைக் கிலோவுக்குள் எத்தனை வாட்?

கேள்வி: மதுரையில் பி.ஆர்க். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். திருமங்கலத்திலிருந்து வாரம் ஆறு நாளும் பஸ்ஸில் போய்வருகிறேன். பாதி நாள் நின்றுகொண்டேதான். தோளில் ஷீட் ஹோல்டர், பையில் லேப்டாப், சாப்பாட்டு டப்பா. என் பழைய லேப்டாப், வரைவு மென்பொருளான ரெவிட்டைத் திறக்கவே மூச்சு வாங்குகிறது. இந்த வருஷம் லூமியன், என்ஸ்கேப் போன்ற, மாடலை நிஜப் படம்போல் ரெண்டர் செய்யும் மென்பொருள்களும் தேவைப்படும். அப்பா ஒன்றரை லட்சம் வரை தருவதாகச் சொல்லியிருக்கிறார். கடையில் இரண்டு மாடல் காட்டினார்கள். ஒன்று 15.6 அங்குலம், 2.4 கிலோ. இன்னொன்று 14 அங்குலம், ஒன்றரைக் கிலோ. விலை முப்பதாயிரம் கூடுதல். இரண்டிலும் ஆர்டிஎக்ஸ் 4060 கார்டுதான். "ஒரே கார்டுக்கு எதுக்கு முப்பதாயிரம் கூடக் குடுக்கணும்?" என்கிறான் அண்ணன். "கனமானதை வாங்கிட்டு நான் படுற பாடு எனக்குத்தான் தெரியும்" என்கிறார் சீனியர் அக்கா ஒருவர். தோழி ஒருத்தி மேக்புக்தான் நல்லது என்கிறாள். நான் எதை வாங்கட்டும்?

— வாசகி, திருமங்கலம்

பதில்: உங்கள் அண்ணன் முடிவில் தவறியிருக்கலாம், ஆனால் சந்தேகப்பட வேண்டிய இடத்தில்தான் சந்தேகப்பட்டிருக்கிறார். இரண்டிலும் ஒட்டியிருக்கும் பெயர் ஒன்றுதான், வேலை ஒன்றல்ல. லேப்டாப்புக்கான ஆர்டிஎக்ஸ் 4060 சிப்பை 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எந்த அளவில் வேண்டுமானாலும் ஓட்டிக்கொள்ள, அதைத் தயாரிக்கும் என்விடியா கம்பெனி அனுமதிக்கிறது. பிராசஸர் சும்மா இருக்கும்போது அதன் பங்கிலிருந்து 25 வாட் வரை கார்டுக்குத் திருப்பிவிடும் வசதியும் உண்டு. கனமான மாடல்களின் விளம்பரத்தில் 140 வாட் என்று பார்ப்பது இந்தக் கூட்டுத்தொகையைத்தான். ஹெச்பியின் ஓமன் டிரான்ஸென்ட் 14-இல் இதே 4060 கார்டு 65 வாட்டில் வந்தது. 2024-இல் வந்த அசுஸ் ஸெஃபைரஸ் ஜி14-இல் 90 வாட். அதே வருஷத்து அசுஸ் டஃப் ஏ14, எடை 1.46 கிலோதான், அதில் 100 வாட். எல்லாப் பெட்டியின் மேலும் ஒரே ஸ்டிக்கர்.

முன்பு இப்படி இருக்கவில்லை. 2017-இல் என்விடியா 'மேக்ஸ்-கியூ' என்ற பெயரில் மெல்லிய லேப்டாப்புகளுக்கென்று வாட் குறைத்த கார்டுகளை அறிமுகப்படுத்தியது. பெயரிலேயே அடையாளம் இருந்ததால் வாங்குகிறவருக்கு ஒரு எச்சரிக்கை கிடைத்தது. 2021-இல் லேப்டாப்புக்கான 30 வரிசை வந்தபோது கார்டின் பெயரிலிருந்து அந்த அடையாளத்தை எடுத்துவிட்டு, வாட் கணக்கை லேப்டாப் கம்பெனிகளே வெளியிடட்டும் என்று விட்டுவிட்டார்கள். அவர்கள் வெளியிடத்தான் செய்கிறார்கள்: இணையதளத்தில் ஆறாவது பக்கத்தில், பொடி எழுத்தில். எனக்கு அந்தப் பழைய முறைதான் நாணயமாகத் தோன்றுகிறது.

அப்படியானால் மெல்லியதை வாங்கினால் ஏமாற்றம்தானா? இல்லை. ஒரு சிப் தின்னும் மின்சாரம், அதன் வேகத்தோடு மட்டும் ஏறுவதில்லை. வேகத்தைக் கூட்ட மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டியிருக்கிறது. மின்னழுத்தம் ஏறினால் மின்செலவு அதன் வர்க்கத்தில் ஏறும். அதனால் கடைசிக் கொஞ்சம் வேகத்துக்காக அளவுக்கு மீறிய மின்சாரமும் சூடும் போகிறது. 4060 சிப் பெரும்பாலான வேலைகளில் 100 வாட்டுக்கு மேல் கேட்பதே இல்லை. 140 என்பது அநேகமாக விளம்பரத்துக்கு. 100-இலிருந்து 65-க்கு இறக்கினாலும் வேகம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் குறையும். இருபது நிமிஷத்தில் முடியும் ரெண்டர் இருபத்தைந்து நிமிஷம் ஓடும், அவ்வளவுதான்.

அந்தக் கடைசி வாட்டுகளுக்காக நீங்கள் சுமப்பது என்ன என்று பாருங்கள். கூடுதல் சூட்டை வெளியே தள்ளக் கூடுதல் செம்புக் குழாய், கனமான தகடு, பெரிய விசிறி வேண்டும். செம்பு அலுமினியத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல் கனம். பிறகு இவற்றுக்கெல்லாம் இடம் கொடுக்கத் தடித்த உடம்பு. கடைசியாக, கடைக்காரர் தராசில் வைக்காத சார்ஜர். 230 வாட் சார்ஜர் வயரோடு சேர்த்து முக்கால் கிலோவை ஒட்டி வரும். அந்த 2.4 கிலோ லேப்டாப் உங்கள் தோளில் ஏறும்போது மூன்று கிலோவைத் தாண்டிவிடும். சீனியர் அக்கா சொன்ன 'பாடு' இதுதான்.

ஆக, வாட்டில் விட்டுக்கொடுக்கலாம். விட்டுக்கொடுக்கவே கூடாதது கார்டின் சொந்த மெமரி, அதாவது வி-ரேம். எடை குறைந்த லேப்டாப் தேடிப் போகிறவர்கள் பெரும்பாலும் இதில்தான் வழுக்குகிறார்கள்: வாட்டைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டே போய், 6 ஜிபி வி-ரேம் உள்ள 4050-ஐ வாங்கி வந்துவிடுகிறார்கள்.

லூமியனில் ஒரு வீட்டைச் சுற்றி நாலு வேப்பமரம், ஒரு புல்வெளி, செங்கல் சுவர், கடப்பா கல் தரை வைக்கிறீர்கள். ஒவ்வொரு பரப்புக்கும் ஒரு படம் ஒட்டப்படுகிறது. பக்கத்துக்கு 4096 புள்ளி உள்ள ஒரு சதுரப் படத்தை அமுக்காமல் வைத்தால் 64 எம்பி. ஆனால் ஒரு செங்கல் சுவருக்கு ஒரு படம் போதாது. நிறத்துக்கு ஒன்று, மேடுபள்ளத்துக்கு ஒன்று, பளபளப்புக்கு ஒன்று. இது ஒரு சுவருக்கு. மென்பொருள் இதை அமுக்கித்தான் வைக்கும் என்றாலும், ஸ்டுடியோ வேலை ஒரு வீட்டிலிருந்து ஒரு பள்ளிக்கூட வளாகத்துக்கு நகரும்போது 6 ஜிபி நிறைந்துவிடும். நிறைந்த பிறகு மிச்சம் லேப்டாப்பின் சாதா ரேமுக்குப் போகும். 4060 தன் சொந்த மெமரியோடு வினாடிக்கு 256 ஜிபி வேகத்தில் பேசுகிறது. வெளியே இருக்கும் ரேமுக்குப் போய்வரும் பாதையில் வினாடிக்குச் சுமார் 16 ஜிபிதான் போகும். பதினாறில் ஒரு பங்கு. திரை கட்டை வண்டி போல நகரும், அல்லது மென்பொருள் படக்கென்று மூடிக்கொள்ளும். வாட் குறைந்தால் ரெண்டர் தாமதமாகும். மெமரி குறைந்தால் ரெண்டரே வராது. ஜூரி மதிப்பீட்டுக்கு முந்தின இரவில் இந்த வித்தியாசம் நன்றாகப் புரியும்.

அதனால் 8 ஜிபி வி-ரேமுக்குக் கீழே இறங்காதீர்கள். அதே நேரத்தில் மேலே ஏறுவதற்கும் அவசரப்படாதீர்கள். கடைக்காரர் 4070-ஐக் காட்டினால், அதிலும் 8 ஜிபிதான். மெல்லிய உடம்பில் வாட்டும் கட்டுப்பட்டிருக்கும், கூடுதல் காசுக்குக் கிடைப்பது கொஞ்சம். 2025-இல் வந்த 50 வரிசையிலும் 5060, 5070 இரண்டும் 8 ஜிபியோடு வந்தன. 5070 டிஐ-யில்தான் 12. அந்த வரிசையில் நல்ல செய்தி கீழே இருக்கிறது: 5050-க்கே 8 ஜிபி கொடுத்துவிட்டார்கள். 4060 கையிருப்பு தீர்ந்துபோனால் அதைக் கேளுங்கள்.

இன்னொரு மெமரி, சாதா ரேம். பெரும்பாலான 14 அங்குல கேமிங் லேப்டாப்புகளில் ரேமை மதர்போர்டிலேயே சால்டர் செய்துவிடுகிறார்கள். நான் மேலே சொன்ன ஜி14, ஏ14 இரண்டும் அப்படித்தான். வாங்கும்போது 16 என்றால் படிப்பு முடிகிற வரை 16. ரெவிட்டும் லூமியனும் பிரவுசரும் ஒன்றாகத் திறந்தால் 16 பத்தாது. எனவே 32 ஜிபி உள்ளதைக் கேளுங்கள். அந்த மாடலில் 16 மட்டும்தான் வருகிறது என்றால் விட்டுவிடுங்கள். கனமான மாடலின் பெரிய பலம் இங்கேதான்: பெரும்பாலும் ரேம் ஸ்லாட் இரண்டு இருக்கும், பிறகு நீங்களே போட்டுக்கொள்ளலாம். எஸ்எஸ்டி இரண்டிலும் மாற்றக்கூடியதே, அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

திரை சின்னது என்று அண்ணன் சொல்வார். அளந்து பார்க்கச் சொல்லுங்கள். 14 அங்குலத் திரைகள் இப்போது 16:10 விகிதத்தில் வருகின்றன, 15.6 அங்குலம் பழைய 16:9. உயரத்தில் வித்தியாசம் சுமார் 6 மில்லிமீட்டர். அகலத்தில்தான் நாலரை சென்டிமீட்டர் போகிறது. ரெவிட்டின் மேல்பட்டை உயரத்தைத்தான் தின்னும், ஆகவே இழப்பு நினைக்கிற அளவுக்கு இல்லை. அதைவிட முக்கியமானது நிறம். விலை குறைந்த 15.6 திரைகளில் பல, எஸ்ஆர்ஜிபி நிறங்களை முழுதாகக் காட்டாது. நீங்கள் போட்ட தேக்கு, பிரின்ட் எடுக்கும்போது வேறு மரமாகிவிடும். நூறு சதவீதம் எஸ்ஆர்ஜிபி என்று எழுதியிருக்கிறதா பாருங்கள்.

மதுரை வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பல கம்பெனிகள் தங்கள் லேப்டாப் 35 டிகிரி அறை வெப்பம் வரைக்கும்தான் என்று கையேட்டில் எழுதிவைத்திருக்கின்றன. நீங்கள் பார்க்கும் யூட்யூப் சோதனைகளோ ஏசி அறையில் நடந்தவை. மே மாதத்தில் விசிறி மட்டும் ஓடும் அறையில் காற்றே 37, 38 டிகிரி என்றால், லேப்டாப் அந்தக் காற்றை இழுத்துத்தான் குளிர வேண்டும். மெல்லிய உடம்பு முதலில் தடுமாறும், தானாக வாட்டைக் குறைத்துக்கொள்ளும், விசிறி இரையும், கீபோர்டின் நடுப்பகுதி விரலைச் சுடும். பின்பக்கத்தை இரண்டு புத்தகத்தால் தூக்கி வைப்பதும், நீண்ட ரெண்டரை இரவு பத்து மணிக்குமேல் ஓட்டுவதும் கூலிங் பேட் வாங்குவதைவிடப் பலன் தரும்.

பேட்டரியில் ரெண்டர் செய்யும் எண்ணம் இருந்தால் இரண்டு மாடலுக்கும் அதை மறந்துவிடுங்கள். 73 வாட்-அவர் பேட்டரியிலிருந்து தொடர்ந்து 110 வாட் உறிஞ்சினால் நாற்பது நிமிஷத்தில் காலி. அதுகூட நடக்காது, ஏனென்றால் பேட்டரியில் ஓடும்போது லேப்டாப்பே கார்டைப் பாதிக்கும் கீழே இறக்கிவிடும். பிளக் போட்டால்தான் கிராஃபிக்ஸ். ஆனால் கல்லூரியில் நீங்கள் செய்வது பெரும்பாலும் ரெவிட்டில் வரைவது, மாடலைத் திருப்பிக் காட்டுவது. ரெவிட் பெரும்பாலும் பிராசஸரின் ஒரு கோரையும் ரேமையும் நம்பித்தான் ஓடுகிறது, கார்டுக்கு அவ்வளவாக வேலை இருக்காது. ஆகவே பெரிய சார்ஜரை வீட்டு மேசையிலேயே விட்டுவிடுங்கள். டைப்-சி வழியாக 100 வாட் ஏற்கும் மாடலாகப் பார்த்து எடுத்து, கால் கிலோ அளவில் ஒரு 100 வாட் சார்ஜரைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அதில் முழு வேக ரெண்டர் வராது. பகல் முழுக்க வரையலாம். தோளில் மொத்தம் ஒன்றே முக்கால் கிலோ.

மேக்புக் பற்றி: பொருளாக அருமையானது, 14 அங்குல மேக்புக் ப்ரோவின் எடையும் ஒன்றரைக் கிலோ சுமார்தான், பேட்டரியிலும் வேகம் அவ்வளவாக இறங்காது. ஆனால் ரெவிட், லூமியன், 3டிஎஸ் மேக்ஸ் மூன்றும் மேக்கில் இல்லை. ஆப்பிள் தன் சொந்தச் சிப்புக்கு மாறிய பிறகு பூட்கேம்ப் வழியாக விண்டோஸ் போடும் வழியும் அடைபட்டுவிட்டது. உங்கள் துறையில் எல்லோரும் ஸ்கெட்ச்அப்பும் ரைனோவும் மட்டுமே பயன்படுத்தினால் தோழி சொல்வது சரி. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அப்படி இல்லை.

வேறு ஒரு வழியும் முளைத்திருக்கிறது: ஏஎம்டியின் ரைஸன் ஏஐ மேக்ஸ் சிப். தனிக் கார்டே இல்லாமல், சாதா ரேமிலிருந்தே கிராஃபிக்ஸுக்குப் பெரிய பங்கு எடுத்துக்கொள்கிறது. ஹெச்பி இதை இசட்புக் அல்ட்ரா என்று ஒன்றரைக் கிலோவில் கொண்டுவந்தது. வி-ரேம் தொல்லைக்கு இது நல்ல பதில், ஆனால் அப்பாவின் ஒன்றரை லட்சத்துக்கு எட்டாது.

ஆகவே என் தீர்ப்பு, 14 அங்குலம்: 4060 அல்லது 5050, வி-ரேம் 8 ஜிபி, கார்டுக்கு 80 வாட்டுக்குக் குறையாமல், ரேம் 32. வாரத்தில் ஒரு நாள் மட்டும் தூக்கிப்போகிறவர் கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு கனமானதைச் சொல்லி, மிச்சமாகும் முப்பதாயிரத்தில் 24 அங்குல மானிட்டரும் ரேமும் வாங்கச் சொல்லியிருப்பேன். விடுதியில் இருக்கும் உங்கள் நண்பர்களுக்கு அதுதான் சரி. ஆறு நாள் பஸ்ஸில் நிற்கிறவருக்கு அல்ல.

கடையில் டெமோ லேப்டாப்பைத் திறந்து, டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் செய்து, என்விடியா கன்ட்ரோல் பேனலுக்குப் போங்கள். இடது கீழ் மூலையில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று இருக்கும். அழுத்தினால் வரும் பட்டியலில் 'மேக்ஸிமம் கிராஃபிக்ஸ் பவர்' என்ற வரியில் உண்மையான வாட் இருக்கும், 'டெடிகேட்டட் வீடியோ மெமரி' என்ற வரியில் வி-ரேம் இருக்கும். விற்பனையாளர் சொன்னதும் இதுவும் ஒத்துப்போகவில்லையென்றால் இதைத்தான் நம்ப வேண்டும். முடிந்தால் அண்ணனைக் கூட்டிப்போய், கனமான கேம் ஒன்றை இருபது நிமிஷம் ஓடவிடச் சொல்லுங்கள். முதல் ஐந்து நிமிஷ வேகத்தைப் பார்க்காதீர்கள், கடைசி ஐந்து நிமிஷத்தைப் பாருங்கள். பில் போடும் முன் விபத்துச் சேதத்துக்கான வாரன்டி என்ன விலை என்று கேளுங்கள். நெரிசல் பஸ்ஸில் போகும் லேப்டாப்புக்கு அது தேவை, பின்னால் சேர்ப்பதைவிட வாங்கும்போதே சேர்ப்பதுதான் சுலபம்.