கல்லூரி மாணவரும் கொரோனாத் தடுப்பூசியும்

பி.சி.ஜி., போலியோச் சொட்டு மருந்து, தட்டம்மை ஊசி ஆகியவற்றை நாம் கைக்குழந்தைகளாய் இருந்தபோதே பெற்றுக்கொண்டோம். நம் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை; அழுதோம், அவ்வளவே. ஆனால் 2021-ஆம் ஆண்டில் கொரோனாத் தடுப்பூசி வந்தபோது, கல்லூரியில் பயின்ற நம் அண்ணன்மாரும் அக்காமாரும் தாங்களே முடிவு செய்ய வேண்டியிருந்தது. மணலி புதுநகரிலிருந்து பாரதி மகளிர் கல்லூரிக்கும் வியாசர்பாடி அம்பேத்கர் கலைக் கல்லூரிக்கும் பேருந்தேறிச் செல்லும் பிள்ளைகளின் வீடுகளிலும் இக்கேள்வி எழுந்தது.

அவ்வேளையில் தமிழ்நாட்டையே உலுக்கிய நிகழ்ச்சி ஒன்று நடந்தது. நடிகர் விவேக், மக்களின் அச்சத்தைப் போக்கவே ஏப்ரல் 15 அன்று ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் எல்லோரும் காணத் தடுப்பூசி போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு, 17-ஆம் நாள் காலமானார். இதயத்தின் முக்கியமான இரத்தக் குழாயில் முழு அடைப்பு இருந்ததென்று மருத்துவர்கள் கூறினர். மரணத்திற்கு ஊசி காரணமன்று என மத்திய அரசின் ஆய்வுக் குழு அக்டோபரில் அறிவித்தது. ஆனால் வதந்தி ஆறு மாதம் காத்திருக்குமா?

தோழியரே, இங்கு நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். ஒன்றன் பின் ஒன்று நடந்தால், முன்னது பின்னதற்குக் காரணமென்று மனம் உடனே முடிச்சுப் போட்டுவிடுகிறது. ஊசியே இல்லாத காலத்திலும் சென்னையில் நாள்தோறும் மாரடைப்பு நேர்ந்தது. லட்சக்கணக்கானோர் ஊசி போட்டுக்கொள்ளும்போது, அவர்களுள் சிலருக்கு அடுத்த நாளே நோய் வருவது தவிர்க்க முடியாதது. எனவே ஒருவரை மட்டும் பார்த்தால் உண்மை விளங்காது. ஊசி போட்டவரையும் போடாதவரையும் பக்கத்தில் வைத்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

அப்படி எண்ணிய ஆய்வு நம் மாநிலத்திலேயே உண்டு. சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தார் தமிழ்நாடு காவல்துறையினர் 1,17,524 பேரின் கணக்கை எடுத்துக்கொண்டனர். இரண்டாம் அலையின்போது, ஏப்ரல் 13 முதல் மே 14 வரை, ஊசியே போடாத 17,059 பேரில் 20 பேர் கொரோனாவால் இறந்தனர். இரு தவணையும் முடித்த 67,673 பேரில் இறந்தோர் 4 பேர். கணக்குப் பாடத்தில் விகிதம் கற்றவர்கள் தாளை எடுத்துப் போட்டுப் பாருங்கள்!

தயங்கியோர் எல்லாரும் படிக்காதவர் என்று எண்ணுவதும் பிழை. அதே ஆண்டின் தொடக்கத்தில் 22 மாநிலங்கள், ஒன்றியப் பகுதிகளைச் சேர்ந்த 1,068 மருத்துவ மாணவரிடம் விசாரித்தபோது, நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சற்று அதிகமானோர் தயக்கம் தெரிவித்தனர். பாதுகாப்பானதா, பயன் தருமா என்பனவே அவர்களுடைய ஐயங்கள். அரசு நிறுவனங்கள் மீது நம்பிக்கைக் குறைவும் ஒரு காரணம். நாளை ஊசி போடப்போகும் கைகளே தயங்கின!

கேள்வி கேட்பது குற்றமன்று. 1955-இல் மூதறிஞர் இராஜாஜி பி.சி.ஜி. ஊசியை எதிர்த்து நூலே வெளியிட்டார். பிற்பாடு, 1968 முதல், பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில் பெரியதோர் ஆய்வு நடந்தது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அவ்வூசி தடுக்கவில்லை என்பதே அதன் முடிவு. ஆயினும் மூளையைத் தாக்கும் கடுமையான காசநோயிலிருந்து அது குழந்தைகளைக் காக்கிறது. அதனால்தான் இன்றும் பிறந்தவுடன் போடுகிறார்கள். கேள்விக்கு விடை சொன்னது ஆய்வு. வெறும் கூச்சல் அன்று.

கொரோனா ஊசியிலும் குறையே இல்லை என்று சொல்ல இயலாது. சிலருக்குக் காய்ச்சலும் உடல்வலியும் வந்தன. மிக அரிதாக இரத்தம் உறைதலும் நேர்ந்தது. ஊசி போட்டவருக்கும் தொற்று வந்தது. ஆனால் உயிருக்கு ஆபத்து வெகுவாகக் குறைந்தது. இவற்றை மறைக்காமல் சொன்ன ஆசிரியரையும் செவிலியரையும் மாணவர் நம்புவர். "எனக்கு இளம் வயது, ஒன்றும் ஆகாது" என்ற மாணவனுக்கும், ஓர் அறை வீட்டில் அவனருகே படுத்துறங்கும் பாட்டியை நினைவூட்டினால் போதும்.

2021 செப்டம்பர் 1-இல் கல்லூரிகள் திறந்தபோது, மாணவர் தடுப்பூசி போட்டிருக்க வேண்டுமென அரசு கூறியது. விருப்பத்தால் எத்தனை பேர், வகுப்பறைக்குத் திரும்பும் ஆசையால் எத்தனை பேர் வரிசையில் நின்றனர் என்று பிரித்தறிவது கடினம். அடுத்து, 2022 சனவரி 3 முதல் பள்ளிகளின் முறை வந்தது. 2007-ஆம் ஆண்டிலும் அதற்கு முன்பும் பிறந்த மாணவியர் வகுப்பு வகுப்பாகச் சென்று கை நீட்டினர்.