பனிக்காலத்து மடல்

நுழையும்முன்

நெடுநாள் பிரிந்திருப்பவர்க்கு மடல் எழுத அமரும்போது எதைச் சொல்வது, எதை விடுவது என்னும் தயக்கம் எழுவது இயல்பு. ‘நலம், நலமறிய ஆவல்’ என்னும் தொடரோடு மடல் முடிந்துவிட்டால் படிப்பவர் அறிந்துகொள்வது ஏதுமில்லை. கண்டதையும் பட்டதையும் உள்ளவாறு எழுதும்போதுதான் இருவருக்கிடையே உள்ள தொலைவு குறைகிறது. நீலகிரியில் தேயிலை பயிரிடும் அண்ணன் ஒருவர், தில்லியில் பயிலும் தம் தங்கைக்கு எழுதுவதாக இப்பாடம் அமைந்துள்ளது.

உதகமண்டலம்,
மாசி 5.

அன்புள்ள தங்கைக்கு,

உன் மடல் கிடைத்தது. மூடுபனியால் காலையில் எதிரே வருபவர் முகமும் தெரிவதில்லை என்று எழுதியிருந்தாய். தொலைபேசியில் அம்மா ‘எல்லாம் நலம்’ என்றதையும், அதன்பின் சிறிது நேரம் பேசாதிருந்ததையும் நீ கவனித்திருக்கிறாய். வீட்டில் பணத்தட்டுப்பாடு என்றால் படிப்பை நிறுத்திவிட்டு வரட்டுமா என்றும் கேட்டிருக்கிறாய். அதற்கு விடை சொல்லுமுன், இந்த இரண்டு திங்களில் நடந்தவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

உறைபனி இரவுகள்

மார்கழியின் பின்பாதியில் வானம் முகிலின்றித் தெளிந்தது. காற்றும் அசையவில்லை. அப்படிப்பட்ட இரவே தேயிலைக்குப் பகை என்பதை நீ அறிவாய். பகலில் நிலம் பெற்ற வெப்பம் இரவில் வானை நோக்கி வெளியேறுகிறது. முகில் இருந்தால் அது போர்வைபோல் வெப்பத்தின் ஒரு பகுதியைத் தடுத்துத் திருப்பும். முகிலற்ற இரவில் தடுப்பார் இல்லை. தரை உறைநிலைக்குக் கீழே குளிர்ந்ததும் காற்றிலுள்ள நீராவி நீராக மாறாமலே நேரே பனிப்படிகமாகிப் புல்லிலும் இலையிலும் படிகிறது. ‘பனி பெய்தது’ என்று நாம் சொன்னாலும், உறைபனி மேலிருந்து விழுவதில்லை. படிந்த இடத்திலேயே பிறப்பது அது.

குளிர்ந்த காற்று கனமானது. ஆதலால் அது சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. நம் மேல்தோட்டம் தப்பியதற்கும் ஓடையோரக் கீழ்த்தோட்டம் கருகியதற்கும் காரணம் இதுவே. விடியலில் அத்தோட்டம் வெண்பட்டு விரித்ததுபோல் இருந்தது. வெயில் ஏறிய சில நாள்களில் கொழுந்தெல்லாம் தீப்பட்டது போலப் பழுப்பேறிச் சுருண்டது. அப்பா ஒரு சொல்லும் பேசவில்லை. நாற்றுகளின்மேல் பெரணித் தழையைப் பரப்பியிருந்ததால் அவை மட்டும் பிழைத்தன.

சென்னைப் பயணம்

பொங்கலை ஒட்டிச் சென்னைப் புத்தகக் காட்சி நடந்தது. ஊர் நூலகத்திற்கு நூல்கள் வாங்கிவரும்படி ஊரார் என்னை அனுப்பினர். மேட்டுப்பாளையத்தில் இரவுத் தொடர்வண்டி ஏறி, விடியலில் சென்னையில் இறங்கினேன். கம்பளிச் சட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். தை மாதத்திலும் அங்கு மின்விசிறி சுழல்கிறது. கடலும் ஈரக்காற்றும் இரவின் வெப்பத்தை எளிதில் போகவிடுவதில்லை. மலைக்கும் கடற்கரைக்கும் ஒரே மாதம். ஆனால் ஒரே பருவம் அன்று.

1977இல் தொடங்கிய அப்புத்தகக் காட்சியில் மக்கள் வெள்ளம்போல் திரண்டிருந்தனர். கையிலிருந்த பட்டியலின்படி சிறுவர் நூல்களையே மிகுதியாக வாங்கினேன். மறுநாள் எழும்பூரில் உள்ள கன்னிமாரா நூலகத்திற்குச் சென்றேன். 1896இல் திறக்கப்பட்ட நூலகம் அது. இந்தியாவில் வெளியாகும் நூல்களின் படிகளைப் பெற்றுக் காக்கும் நான்கு நூலகங்களுள் ஒன்று.

அங்கு நெடுநல்வாடையை உரையுடன் படித்தேன். நக்கீரர் 188 அடிகளில் வாடைக்காலத்தைக் காட்டுகிறார். வெள்ளத்திற்கு அஞ்சி மேட்டுநிலம் சேர்ந்த ஆயர்கள் நெருப்பில் கை காய்ச்சுகின்றனர். ஆநிரை மேய்ச்சலை மறக்கிறது. நகரத்து மாளிகைகளில் விசிறிகள் பயனின்றித் தொங்குகின்றன. அரண்மனையில் அரசி பிரிவால் வருந்துகிறாள். பாசறையில் அரசனோ நள்ளிரவில் உறங்காமல், புண்பட்ட வீரர்களைக் காணச் செல்கிறான். குளிர் ஒன்றுதான், அது ஆயரையும் அரசியையும் வீரரையும் தீண்டும் வகை வெவ்வேறு. ‘குளிராக இருந்தது’ என்று மட்டும் புலவர் சொல்லியிருந்தால் இவர்களுள் ஒருவரையும் நாம் அறிந்திருக்கமாட்டோம். உனக்கு எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும் என்று அப்போதே உறுதிகொண்டேன்.

உன் கேள்விக்கு விடை

கருகிய தேயிலைச்செடி மடிந்துவிடவில்லை. வேரில் உயிர் இருக்கிறது. கருகிய கிளைகளைக் கவாத்து செய்து வருகிறோம். கோடைமழை விழுந்ததும் புதுக்கொழுந்து வரும். அதுவரை மேல்தோட்டத்து வருவாய் மட்டுமே. கை இறுக்கம்தான், மறைக்கவில்லை. ஆயினும் உன் கட்டணத்திற்கென அப்பா ஒதுக்கிய பணம் அப்படியே இருக்கிறது. அதை எடுக்கலாமா என்று நான் கேட்டபோது, “பனி கீழ்த்தோட்டத்தோடு நிற்கட்டும், அவள் படிப்பு வரை ஏறவேண்டாம்” என்றார். படிப்பை நிறுத்துவது பற்றி இனி எழுதாதே. உன் அறை எப்படியிருக்கிறது, போர்வை போதுமா, யாருடன் உண்கிறாய் என்பதையெல்லாம் எழுது. ‘நலம்’ என்று மட்டும் எழுதிவிடாதே.

அன்புடன்,
அண்ணன்.

தெரிந்து தெளிவோம்

தமிழர் ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்பன அவை. மார்கழி, தை ஆகியன முன்பனிக்கும் மாசி, பங்குனி ஆகியன பின்பனிக்கும் உரியவை.

கற்பவை கற்றபின்

1. மேல்தோட்டம் தப்பவும் கீழ்த்தோட்டம் கருகவும் காரணமான இயற்கை நிகழ்வை விளக்குக.
2. நெடுநல்வாடையில் குளிர் ஒவ்வொருவரையும் தீண்டும் வகையை மடல் எவ்வாறு எடுத்துரைக்கிறது?
3. “பனி கீழ்த்தோட்டத்தோடு நிற்கட்டும்” என்னும் கூற்றில் வெளிப்படும் தந்தையின் மனநிலையை எழுதுக.
4. தங்கையின் நிலையில் இருந்து இம்மடலுக்கு மறுமொழி வரைக. ‘நலம்’ என்னும் சொல்லைப் பயன்படுத்தாமல் உங்கள் நலத்தைத் தெரிவிக்க.