கழுக்குன்றம் கண்டு வருவோம்

குன்றின்மேல் அமைந்த பழைய ஊர்களுக்குக் காலையிற் சென்று, கண்டு களித்து, மாலையில் மீளுதல் பல நாட்டு மக்களுக்கும் விருப்பமான செயலாகும். இத்தாலி நாட்டிலே அசிசி என்றொரு மலையூர் உண்டு. பறவைகளுக்கும் அருளுரை வழங்கினார் என்று போற்றப்பெறும் பிரான்சிசு அடிகள் பிறந்த ஊர் அது. பறவையின் பெயராலேயே வழங்கும் மலையூர் ஒன்று நம் செங்கற்பட்டு மாவட்டத்திலும் உளது. அதுவே திருக்கழுக்குன்றம்.

கூடுவாஞ்சேரியில் வாழும் மாணவர்க்கு இவ்வூர் தொலைவிலுள்ளதன்று. காலையில் மின்தொடர் வண்டி ஏறினால், பொத்தேரி, காட்டாங்குளத்தூர், சிங்கப்பெருமாள்கோயில் முதலிய ஊர்களைக் கடந்து, இடப்புறத்தே கொளவாய் ஏரியின் நீர்ப்பரப்பைக் கண்டவாறே செங்கற்பட்டை அடையலாம். அங்கிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர் பேருந்திற் சென்றால் குன்றின் அடிவாரம் வந்துவிடும். நண்பகல் வெயிலிற் பாறை சுடும். ஆதலின் முற்பகலிலேயே மலையேறுதல் நன்று. குடிநீரும் கட்டுச்சோறும் உடன் கொண்டு செல்லுதல் வேண்டும்.

ஊரின் நடுவே, நெடிய கோபுரங்களோடு விளங்குவது பக்தவத்சலேசுவரர் கோயில். இதனைத் தாழக்கோயில் என்பர். மலையுச்சியில் வேதகிரீசுவரர் கோயில் உள்ளது. சம்பந்தர், அப்பர், சுந்தரர் ஆகிய மூவராலும் பாடப்பெற்ற தலம் இது. ஊரிலுள்ள பெரிய குளம் சங்குதீர்த்தம் எனப்படும். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதிற் சங்கு தோன்றும் என்பது மரபு. ஐந்நூற்றுக்கு மேற்பட்ட படிகளை ஏறி உச்சியை அடைந்து திரும்பிப் பார்ப்போமாயின், கோயிலும் குளமும் தெருக்களும் வயல்களும் ஓவியம் எழுதினாற்போல் கீழே விரிந்து கிடக்கும்.

முற்காலத்தில் நாள்தோறும் நண்பகலில் இரண்டு கழுகுகள் இக்குன்றிற்கு வந்து, கோயிலார் அளித்த சர்க்கரைப் பொங்கலை உண்டு செல்லும். அவற்றைக் காணவே மக்கள் திரண்டு வருவர். 1990களின் இறுதியில் அவ்வருகை நின்றுவிட்டது. பிணந்தின்னும் கழுகினங்கள் நாடெங்கும் அருகிய காலம் அது. கால்நடைகளின் வலி நீக்கப் பயன்பட்ட டைக்ளோபினாக் என்னும் மருந்து, இறந்த மாட்டின் உடலில் தங்கி, அதனை உண்ட கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது என்று அறிஞர் கண்டனர். கால்நடைக்கு அம்மருந்தை வழங்குதல் 2006இல் நம் நாட்டில் தடை செய்யப்பெற்றது. ஊரின் பெயரிற் கழுகு இருக்கிறது. வானில் அதனைக் காணோம். ஓருயிர்க்கு மருந்தாவது மற்றோர் உயிர்க்கு நஞ்சாதலும் உண்டு என்பதை இக்குன்றில் நின்று எண்ணிப் பார்த்தல் தகும்.

இவ்வூர்க் கல்வெட்டு ஒன்று நம் உள்ளத்தில் நிறுத்தத்தக்கது. கந்தசிட்டன் என்னும் பழைய மன்னன் இக்கோயிலுக்குக் கொடை ஒன்று விட்டான். பின்னர், 642இல் வாதாபியை வென்ற பல்லவன் நரசிம்மவர்மன் அதனை உறுதி செய்தான். ஏறத்தாழ 250 ஆண்டுகள் சென்றபின், ஆதித்த சோழன் அக்கொடையை மீண்டும் புதுப்பித்தான். இவ்வாதித்தனே பல்லவன் அபராசிதனைப் போரில் வென்று அவன் நாட்டைக் கைப்பற்றியவன். நாட்டைக் கொண்டான், ஆயினும் பல்லவர் காத்த அறத்தை அழித்தானல்லன். பகைவர் குலத்தார் செய்ததாயினும் அறம் அறமே எனக் கொண்ட பெருமை அவனுடையது.

மலைச்சரிவில் ஒருகல் மண்டபம் என்னும் குடைவரைக் கோயில் இருக்கின்றது. பாறையைக் குடைந்து தூண்களும் வாயிற்காவலர் உருவங்களும் பல்லவர் காலத்தில் இங்கு அமைக்கப்பெற்றன. அதனுள்ளே டச்சுக்காரர் சிலருடைய பெயர்கள் வெட்டப்பட்டிருக்கக் காணலாம். 17ஆம் நூற்றாண்டில் இங்கு வந்தவர்கள், தாம் வந்தமைக்கு அடையாளமாக அவற்றைப் பொறித்துச் சென்றனர். அண்மையிலுள்ள சதுரங்கப்பட்டினக் கடற்கரையில் டச்சுக்காரர் கட்டிய கோட்டை இன்றும் சிதைந்த நிலையில் உள்ளது.

கல்லில் எழுதியோர் இருவகையினர் ஆயினர். ஒருசாரார் பிறர்க்குச் செய்த அறம் நிலைபெறுதற்பொருட்டு எழுதினர். மற்றொரு சாரார் தம் பெயரை மட்டும் எழுதினர். முன்னது இன்று நமக்கு வரலாறு கற்பிக்கின்றது. பின்னது பழமை கருதிப் பாதுகாக்கப்படினும், சிற்பி செதுக்கிய சுவரில் ஏற்பட்ட வடுவேயாகும். இக்காலத்தும் பழைய மண்டபங்களின் சுவரில் கரியாலும் ஆணியாலும் தம் பெயரைக் கீறிச் செல்வோர் உளர். தொன்மைச் சின்னங்களைச் சிதைத்தல் சட்டப்படி குற்றமாகும். சிற்பியின் உழைப்பை மதியாமையால் பண்பிற்கும் அது குறையாகும்.

மாணவர்களே! விடுமுறை நாளொன்றில் ஆசிரியருடனோ பெற்றோருடனோ கழுக்குன்றம் சென்று வாருங்கள். கையில் ஒரு குறிப்பேடு கொள்ளுங்கள். கண்டவற்றையும் கேட்டவற்றையும் அதில் எழுதுங்கள். உங்கள் பெயரையும் அதன் முதற்பக்கத்திலேயே எழுதுங்கள். கல்லை அடுத்து வருவோர்க்கு விட்டு வையுங்கள்.