குரலில் வந்த கடனை எழுத்தில் வைப்போம்

திருகோணமலை உட்துறைமுக வீதிப் பக்கம் வலை, கயிறு, தூண்டில், படகு இயந்திர உதிரிப்பாகம் விற்கும் சிறிய கடை என்னுடையது. கிண்ணியா, மூதூர், புல்மோட்டைச் சகோதரர்கள்தாம் பெரும்பாலும் வாடிக்கையாளர்கள். முன்பெல்லாம் அவர்கள் கடைக்கு வந்து, கடன் கொப்பியில் நான் எழுதி முடிக்கும்வரை நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். இப்போது கரை சேரும் முன்பே வட்ஸ்அப்பில் குரற்பதிவு வந்துவிடுகிறது. சரக்கு என்ன, எவ்வளவு, பணம் எப்போது என்ற எல்லாமே அந்தக் குரலுக்குள்தான்.

இதில் நான் ஒருமுறை சரியாக அடிபட்டேன். இயந்திர இரைச்சலுக்கு நடுவே ஒருவர் தமது பாக்கித் தொகையைச் சொன்னார். என் காதில் விழுந்தது எழுபதாயிரம். அவர் சொன்னதோ அறுபதாயிரமாம். பேச்சில் 'எழுவது', 'அறுவது' என்றுதானே சொல்கிறோம்? காற்றும் சேர்ந்தால் இரண்டும் ஒன்றுதான். திரும்பக் கேட்டுப் பார்க்கலாம் என்றால், இடையில் நான் தொலைபேசியை மாற்றியிருந்தேன். பழைய பதிவுகளைப் பிரதி எடுத்து வைக்கவில்லை. பத்தாயிரம் ரூபாய் போனது ஒருபுறம், ஜும்ஆவில் ஒரே ஸஃப்பில் நின்றும் முகம் பார்க்காமல் இரண்டு மாதம் கழிந்தது மறுபுறம்.

அல்குர்ஆனின் மிக நீண்ட வசனமான சூரா அல்பகராவின் 282ஆவது வசனம் கடனை எழுதுவதைப் பற்றியது என்பது நாம் அறிந்ததே. தவணை குறித்த கடன் சிறிதோ பெரிதோ எழுதச் சலிக்க வேண்டாம் என்கிறது அது. கைக்குக் கை நடக்கும் வியாபாரத்துக்கு மட்டும் சலுகை தருகிறது. அதில் நான் கவனிக்கத் தவறியிருந்த விடயம் ஒன்று உண்டு. வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் கடன் கொடுத்தவர் அல்ல, கடன்பட்டவரே. அப்படிப் பார்த்தால் குரற்பதிவு பாதி வேலையை முடித்துத்தான் நம்மிடம் வருகிறது. கடன்பட்டவர் சொல்லிவிட்டார், எழுதுவதுதான் மிச்சம்.

சரி, எப்படி எழுதுவது? குரற்பதிவை எழுத்தாக்கும் வசதியை வட்ஸ்அப் 2024 நவம்பரில் அறிவித்தது. அமைப்புகளில் 'சாட்ஸ்' பகுதிக்குள் சென்று அதை இயக்கி, மொழியைத் தெரிவு செய்ய வேண்டும். பிறகு பதிவை அழுத்திப் பிடித்தால் எழுத்தாக்கும் தெரிவு வரும். வேலை நம் தொலைபேசிக்குள்ளேயே நடக்கிறது. எழுத்து பெறுபவருக்கு மட்டுமே தெரியும், அனுப்பியவருக்குத் தெரியாது. ஆனால் அறிவித்தபோது அன்ட்ரொய்ட் பட்டியலில் இருந்தவை ஆங்கிலம், ஸ்பானிஷ், போர்த்துக்கேயம், ரஷ்யன் ஆகியவைதாம். தமிழ் இருக்கவில்லை. கொழும்பிலிருந்து ஆங்கிலத்தில் பேசும் மொத்த வியாபாரியின் பதிவுக்கு இது உதவும், மூதூர்க்காரரின் பேச்சுக்கு உதவாது.

தமிழுக்கு நான் கையாள்வது வேறு வழி. கூகுள் விசைப்பலகையில் தமிழைச் சேர்த்து, ஒலிவாங்கிப் படத்தைத் தொட்டால் நாம் பேசுவதை அது எழுதும். பதிவை முதலில் காதில் கேட்டுவிட்டு, அதையே என் வாயால் நிதானமாகத் திருப்பிச் சொல்கிறேன். 'எழுவது' என்றால் செயலி அதை எழும்புவது என்று எடுத்துக்கொள்ளக் கூடும். ஆகவே 'எழுபது' என்று பள்ளிக்கூடத் தமிழில் சொல்ல வேண்டும். நீளமான பதிவென்றால் கூகுளின் லைவ் ட்ரான்ஸ்கிரைப் செயலியை இன்னொரு தொலைபேசியில் தமிழில் திறந்து வைத்து, பதிவைச் சத்தமாக ஓடவிடலாம். கடை மூடிய பின் மின்விசிறியை நிறுத்திவிட்டுச் செய்தால் பலன் நன்று. எதில் செய்தாலும் தொகை, அளவு, திகதி மூன்றையும் கண்ணால் பார்த்துத் திருத்தாமல் விடாதீர்கள். "இன்ஷா அல்லாஹ் வெள்ளிக்கிழமை" என்று வந்தால் எந்த வெள்ளிக்கிழமை என்று கேட்டு, திகதியையும் போட்டுக்கொள்ளுங்கள்!

பெயர் தெரியாத செயலிகளில் அடுத்தவர் குரலை ஏற்ற வேண்டாம். அது அவர் நம்மிடம் தந்த அமானிதம். எழுதிவிட்டோம் என்று மூலப் பதிவை அழித்துவிடவும் கூடாது. இலத்திரனியல் வடிவில் இருப்பதற்காக மட்டும் ஒரு பதிவேட்டின் சட்ட வலு மறுக்கப்படாது என்பது நமது நாட்டின் 2006ஆம் ஆண்டு 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டத்தின் ஏற்பாடு. ஆனாலும் கையில் மூலம் இருந்தால்தானே காட்டலாம். தானாக மறையும் செய்தி அமைப்பு இயக்கத்தில் இருந்தால் 24 மணித்தியாலம், 7 நாள் அல்லது 90 நாளில் பதிவு போய்விடும். கடன் பேசும் உரையாடல்களில் அதை நிறுத்தி வையுங்கள்.

எழுதி முடித்ததும் அதை அனுப்பியவருக்கே திருப்பி அனுப்பி, "நானா, நீங்கள் சொன்னது இதுதானே?" என்று கேட்கிறேன். 'ஆம்' என்று பதில் வந்த பிறகே கொப்பியில் ஏறும். சிலருக்கு ஆரம்பத்தில் இது சந்தேகப்படுவது போலத் தோன்றியது உண்மை. ஒருவர் ஸலாம்கூடச் சொல்லாமல் 'ஆம்' என்று மட்டும் அனுப்பினார். அதே மனிதர்தாம் போன மாதம், "கயிறு 6 மில்லிமீற்றர் அல்ல, 8" என்று திருத்தி அனுப்பினார். லொறியில் ஏற்றியிருந்த சுருள்களை இறக்கி, மாற்றி ஏற்றினோம்.