சாயம் போகாத போர்வை

போன இதழில் பழைய துணிகளைத் தரம் பிரிப்பது பற்றிப் பார்த்தோம். இந்தப் பாடத்தில் அந்தத் துணிக்கு வீட்டிலேயே சாயம் ஏற்றுவதையும், அதை ஒட்டுப் போட்டுப் போர்வையாகத் தைப்பதையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறோம். அதற்கு முன் எங்கள் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறோம்.

நம் தையல் வகுப்பில் முதன்முதலாகக் குழந்தைகளுக்கான 11 போர்வைகள் தைத்து விற்றோம். வெளிறிப்போயிருந்த துண்டுகளைக் கடையில் வாங்கிய சிவப்புப் பொடியில் முக்கிக் காயவைத்துச் சேர்த்திருந்தோம். பார்க்க நன்றாகத்தான் இருந்தன. பத்து நாளில் இரண்டு போர்வைகள் திரும்பி வந்தன. முதல் சலவையிலேயே சிவப்பு இறங்கி, கூட ஊறிய பிள்ளையின் வெள்ளைச் சட்டையெல்லாம் ரோஸ் நிறமாகிவிட்டது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். மற்ற ஒன்பது வீடுகளுக்கும் நாங்களே போய், தனியாக அலசுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தோம். அந்த நஷ்டத்தைத் தைத்தவர்களின் கூலியில் பிடிக்கலாமா என்று ஒரு பேச்சு எழுந்தது. அந்தக் கூலியை நம்பிப் பள்ளிக் கட்டணத்துக்கு நாள் சொல்லியிருந்த ஒரு தாயும் அவர்களில் இருந்தார். பிடிக்கவில்லை. தையலில் குறை இல்லை. சாயத்தைப் பற்றி அரைகுறையாகத் தெரிந்துகொண்டு கற்றுக்கொடுத்தது நாங்கள்.

அதற்குப் பிறகுதான், பிள்ளைகுட்டிகளோடு வீட்டில் இருந்தபடியே இந்த வேலையைச் செய்தவர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்று தேடினோம். இலங்கையில் நல்ல உதாரணம் கிடைத்தது. எனா டி சில்வா என்ற அம்மையார் 1960களில் கொழும்பில் தம் வீட்டிலேயே பத்திக் வேலையைத் தொடங்கினார். துணியில் உருகிய மெழுகால் படம் எழுதிச் சாயத்தில் முக்கினால் மெழுகு பட்ட இடம் மட்டும் நிறம் பிடிக்காது, அதுதான் பத்திக். இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில் பேர்போன வேலை. கூட இருந்தவர்கள் அவருடைய மகனும், ஓவியர் லக்கி சேனாநாயக்கவும். வீட்டு முற்றத்தில் தொடங்கிய அந்த வேலைதான் பிறகு கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா கட்டிய பெந்தோட்டை ஓட்டலின் கூரைக்கு அடியில் வண்ணத் துணி விதானமாகப் போய் நின்றது. பின்னாளில் அவர் மாத்தளைக்குப் பக்கத்தில் உள்ள தம் பூர்வீக ஊரான அலுவிகாரைக்குத் திரும்பி, அங்குள்ள பெண்களுக்குப் பத்திக்கும் பூத்தையலும் ஒட்டுத் துணி வேலையும் கற்றுக்கொடுத்து அதையே பிழைப்பாக்கிக் கொடுத்தார். அதோடு ஒரு சமையற்கூடமும் நடந்தது. 2015இல் அவர் காலமானார்.

பத்திக்கை நம் வகுப்பில் நாங்கள் கற்றுக்கொடுக்கப் போவதில்லை. தவழும் பிள்ளை இருக்கும் வீட்டில் கொதிக்கும் மெழுகு வேண்டாம். ஆனால் அவர் செய்ததில் ஒன்றை எடுத்துக்கொண்டோம்: சாய வேலையும் ஒட்டுத் தையலும் ஒரே கூரையின் கீழ் இருக்கலாம், ஏனென்றால் இரண்டும் கேட்கும் நேரம் வேறு வேறு. சாயப் பாத்திரம் அடுப்பில் இருக்கும்போது நகர முடியாது. தையலையோ பிள்ளை அழுதால் அப்படியே மடித்து வைத்துவிட்டு எழுந்துவிடலாம்.

அதே தீவுக்கு இன்னும் பழைய சாயக் கதை ஒன்று உண்டு. மன்னாரிலும் யாழ்ப்பாணத்தை ஒட்டிய தீவுகளிலும், இந்தப் பக்கம் நம் ராமேசுவரத்திலும் கடற்கரை மணலில் சாயவேர் என்ற சிறு செடி வளரும். நாட்டு மருந்துக்கடையில் இம்பூறல் என்று கேட்டால் கொடுப்பார்கள். அதன் மெல்லிய வேர்ப்பட்டையில்தான் சோழமண்டலக் கரைத் துணிகளின் பேர்பெற்ற சிவப்பு இருந்தது. ஒல்லாந்தர் காலத்தில் இலங்கையில் அந்த வேரைத் தோண்டுவதே அரசு வைத்துக்கொண்ட வேலை. அதற்கென்றே குடும்பங்கள் கட்டாயமாக விதிக்கப்பட்டிருந்தன. வெயிலில் மணலைக் கிளறி வேர் எடுத்தவர்களுக்கு அந்தச் சிவப்புத் துணி கட்டக் கிடைத்திருக்குமா என்பது வேறு விஷயம். 1869இல் அதே சிவப்பை நிலக்கரித் தாரிலிருந்து செய்ய ஐரோப்பாவில் வழி கண்டுபிடித்துவிட்டார்கள். அதன் பிறகு சாயவேருக்குச் சந்தை மெல்ல மெல்லப் போய்விட்டது.

சாயவேர்ச் சிவப்பு ஏன் சலவைக்கு நின்றது, எங்கள் கடைப் பொடி ஏன் ஓடியது? நம் பக்கத்துச் சித்தன்னவாசலில் 9ஆம் நூற்றாண்டுத் தாமரைக் குளத்து ஓவியத்தைப் பார்த்திருப்பீர்கள். அது சுண்ணாம்புச் சாந்தின் மேல் பூசிய வண்ணம். அதை யாரும் சோப்புப் போட்டு அலசப் போவதில்லை. பருத்தித் துணியின் கதை அப்படியில்லை. பெரும்பாலான செடிச் சாயங்களுக்குப் பருத்தியைத் தானாகப் பிடித்துக்கொள்ளத் தெரியாது. நடுவில் பிடித்துக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள்தான் படிகாரம். படிகாரமும் பருத்தியில் சரியாக ஒட்டாது என்பதால் அதற்கு முன்னால் கடுக்காய். கடுக்காயின் துவர்ப்பு நூலில் ஏறும், அந்தத் துவர்ப்பைப் படிகாரம் பிடிக்கும், படிகாரத்தைச் சாயம் பிடிக்கும். இந்த வரிசை மாறினால் உழைப்பு வீண். நாங்கள் வாங்கிய பொடி தண்ணீரில் கரைந்து துணியில் சும்மா உட்காரும் வகை. தண்ணீரைக் கண்டதும் எழுந்து போய்விட்டது.

இனி செய்முறை. அரைக் கிலோ துணிக்குக் கணக்குச் சொல்கிறோம். துணியை உலர்ந்த நிலையில் நிறுக்க வேண்டும். நூறு சதவீதப் பருத்தியாக இருக்கட்டும். பாலியஸ்டர் கலந்த துணியில் இந்தச் சாயங்கள் பிடிக்காது. சந்தேகமாக இருந்தால் ஒரு நூலைப் பிரித்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிந்த வாசனையோடு சாம்பலாகும், பாலியஸ்டர் உருகி உருண்டையாகும்.

முதலில் சலவைச் சோடா ஒரு கைப்பிடி போட்டுத் துணியை ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு அலசுங்கள். புதுக் கைலித் துண்டானால் கஞ்சிப் பசை முழுதும் போக வேண்டும். அடுத்து 100 கிராம் கடுக்காய்ப் பொடியை வெந்நீரில் கரைத்து, துணி மூழ்கும் அளவு தண்ணீர் சேர்த்து இரவு முழுதும் ஊறவிடுங்கள். காலையில் பிழிந்து, அலசாமல் வெயிலில் காயப்போடுங்கள். துணி இளமஞ்சளாக இருக்கும், பயப்பட வேண்டாம். காய்ந்ததும் 75 முதல் 100 கிராம் படிகாரத்தை வெந்நீரில் கரைத்து, அதில் இன்னொரு இரவு. மறுபடி பிழிந்து காயவைத்து, ஒரு நாள் விட்டு, வெறும் தண்ணீரில் ஒருமுறை மட்டும் அலசுங்கள்.

சாயத்துக்கு நம் வீட்டிலும் காட்டிலும் கிடைப்பதே போதும். வெங்காயத் தோல் கால் கிலோ சேர்ந்தால் செம்பழுப்பு. பிரியாணிக் கடைக்காரர்களிடம் சொல்லிவைத்தால் ஒரே வாரத்தில் சாக்கு நிறையும். உலர்ந்த மாதுளைத் தோல் கால் கிலோவுக்கு நல்ல மஞ்சள். மஞ்சணத்தி வேர்ப்பட்டை சிவப்புக்குப் போகும். அதிலிருந்து வருவதும் சாயவேரின் சிவப்புக்கு உறவான நிறம்தான், ஆனால் மரத்தைச் சாய்க்காதீர்கள். ஓரத்து வேரில் ஒன்றிரண்டு எடுத்தால் போதும். கறுப்பு வேண்டுமானால் துருப்பிடித்த ஆணிகளை வெல்லத் தண்ணீரில் போட்டு இரண்டு மூன்று வாரம் புளிக்கவிட்டு, அந்தத் தண்ணீரைக் கடுக்காய் ஏறிய துணியில் பூசுங்கள். கண்முன்னே கறுக்கும். மஞ்சள் தூள், பீட்ரூட், செம்பருத்தி மூன்றையும் வகுப்பில் தடை செய்திருக்கிறோம். நிறம் அழகாக வரும், வெயில் பட்டால் நிற்காது.

தோலையோ பட்டையையோ ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து வடிகட்டி ஆறவிடுங்கள். ஈரத் துணியை அதில் போட்டு, மெல்லச் சூடேற்றி, கொதிக்கவிடாமல் ஒரு மணி நேரம் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். கிளறாவிட்டால் திட்டுத் திட்டாக வரும். எவர்சில்வர் பாத்திரம் நல்லது. இரும்புச் சட்டி எல்லா நிறத்தையும் மங்கலாக்கிவிடும். அந்தப் பாத்திரத்தை மறுபடி சமையலுக்கு எடுக்கக் கூடாது. கணக்குப் பார்த்தால், மூன்று நாலு நாள் வேலையில் பிள்ளையை வேறொருவர் பார்த்துக்கொள்ள வேண்டிய நேரம் பாத்திரம் அடுப்பில் இருக்கும் நேரம்தான். மற்றதெல்லாம் ஊறுவதும் காய்வதும். எங்கள் வகுப்பில் ஃபஜ்ருத் தொழுகை முடிந்து பிள்ளைகள் எழுவதற்குள் இந்தக் கடைசி ஒரு மணி வேலையை முடித்துவிடுபவர்கள்தான் அதிகம்.

தைப்பதற்குக் கர்நாடகத்தின் உத்தர கன்னடப் பகுதியில் வாழும் சித்தி மக்களின் முறையை எடுத்துக்கொண்டோம். பல நூற்றாண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் சந்ததி அவர்கள். முஸ்லிம்களும் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் அவர்களில் உண்டு. பழைய சேலை ஒன்றை அடியில் விரித்து, ஒரு மூலையில் தொடங்கி, ஓரத்தைச் சுற்றிச் சுற்றி உள்நோக்கித் துண்டுகளை வைத்துத் தைத்துக்கொண்டே நடுவுக்கு வருவார்கள். இதைக் கவந்தி என்கிறார்கள். முன்கூட்டியே அளவு போட்டு வெட்டி அடுக்கத் தேவையில்லை, அடுத்த துண்டு என்ன என்பதைக் கையில் இருக்கும் துணி சொல்லும். சாதாரணமாக ஊசியை மேலும் கீழும் ஓட்டும் தையல் போதும், ஆனால் வரிசைக்கு வரிசை ஒரு விரல் இடைவெளிக்கு மேல் விடாதீர்கள். முடிவில் நான்கு மூலையிலும் சிறு துணியை முக்கோணமாக மடித்துப் பூப் போல வைப்பார்கள். அது இல்லாத போர்வையை அவர்கள் முடிந்த போர்வையாகவே எண்ணுவதில்லை.

ஒட்டுப் போர்வை என்றால் வறுமையின் அடையாளம் என்று நம் வீடுகளில் சிலர் முகம் சுளிக்கிறார்கள். அத்தாவின் கைலியும், நைந்துபோன கல்யாணச் சேலையும் சேர்ந்த போர்வையை வெளிநாட்டுக்குப் போகும் பிள்ளை கேட்டு வாங்கிப் போனதையும் நாங்கள் பார்த்திருக்கிறோம்.

விற்பதற்கு முன் இரண்டு சோதனை கட்டாயம். சாயம் ஏற்றிய துண்டோடு ஒரு வெள்ளைத் துணியைச் சேர்த்துத் தைத்து, வீட்டுச் சோப்பில் ஊறவைத்து அலசுங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் அந்தச் சாயத்துணி போர்வைக்கு ஆகாது. இன்னொரு துண்டின் பாதியை அட்டையால் மூடி ஒரு வாரம் மொட்டைமாடி வெயிலில் வையுங்கள். இரண்டு பாதிக்கும் வித்தியாசம் தெரிந்தால் அதை வாங்குபவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டு விலையையும் குறைக்க வேண்டும். குறையை மறைத்து விற்பது ஹலாலான வியாபாரம் ஆகாது என்பதை நம் வகுப்பில் யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் குறை இருப்பதே தெரியாமல் விற்றோமே, அதற்குத்தான் இந்தச் சோதனை.

விலையில் துணிக்குப் பணம் இல்லையென்றாலும் கைக்கு உண்டு. ஒரு குழந்தைப் போர்வைக்கு எங்களுக்கு ஏறத்தாழ 30 மணி நேரம் பிடிக்கிறது. அதைத் தாளில் குறித்துவைத்து, மணிக்கு இவ்வளவு என்று போட்டு விலை சொல்லுங்கள். தைத்தவரின் கூலி தைத்தவருக்கே சொந்தம். வீட்டுச் செலவுக்குக் கொடுப்பது அவர் விருப்பம்.

அடுத்த வகுப்புக்கு வரும்போது உலர்ந்த மாதுளைத் தோல், ஒரு பழைய பருத்திச் சேலை, உங்கள் வீட்டு ஆழ்குழாய்த் தண்ணீர் ஒரு பாட்டில் மூன்றையும் கொண்டு வாருங்கள். தண்ணீரில் இரும்பு இருந்தால் மாதுளை மஞ்சள் பச்சையாகத் திரும்பும். யார் வீட்டுத் தண்ணீர் எப்படி என்பதை அன்றே பார்த்துவிடலாம்.