காப்புப்பிரதியைத் திறந்து பாருங்கள்

2017 ஜனவரி 31ஆம் திகதி இரவு. கிட்லாப் நிறுவனத்தின் பொறியியலாளர் ஒருவர் வெகுநேரமாகக் கண்விழித்து வேலை செய்துகொண்டிருந்தார். உலகெங்குமுள்ள நிரலாளர்கள் தாம் எழுதும் நிரல்களைச் சேமித்து வைக்கும் இடம் அது. அதன் தரவுத்தளம் இரண்டு சேவையகங்களில் இருந்தது. ஒன்று பயனர்களுக்குச் சேவை வழங்கும். மற்றது அதன் நகலை உடனுக்குடன் வைத்திருக்கும். அன்று நகல் சேவையகம் பின்தங்கி நின்றுவிட்டது. அதை வெறுமையாக்கிப் புதிதாக நகலெடுக்க எண்ணி, அழிக்கும் கட்டளையான ‘ஆர்எம்’மை அவர் கொடுத்தார். ஒன்றிரண்டு விநாடிகளில் தவறு புரிந்தது. அவர் அழித்துக்கொண்டிருந்தது முதன்மைச் சேவையகத்தை! கட்டளையை நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிகாபைட் தரவு போய்விட்டது. எஞ்சியது 4.5 ஜிகாபைட்.

லினக்ஸ் பயிலும் மாணவிகளுக்குத் தெரியும், ‘ஆர்எம்’முக்கு மீள்சுழற்சித் தொட்டி கிடையாது. ‘-ஆர்எஃப்’ சேர்த்தால் கேள்வி கேட்காமல் உள்ளிருக்கும் கோப்புறைகளையும் அழித்துவிடும்.

களைத்த நேரத்தில் எவருக்கும் கை தவறும். அதற்காகத்தானே காப்புப்பிரதி என்று தேடினார்கள். தினமும் தானாக ஓடும் ஸ்கிரிப்ட் ஒன்று தரவுத்தளத்தைப் பிரதியெடுத்து வெளிச் சேமிப்பகத்துக்கு அனுப்ப வேண்டும். திறந்து பார்த்தால் அங்கே ஒன்றுமே இல்லை. தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ் 9.6, பிரதியெடுக்கும் கருவியோ 9.2 பதிப்பில் ஓடியிருக்கிறது. பதிப்புகள் பொருந்தாததால் பிழை காட்டி நின்றிருக்கிறது. பிழையை அறிவிக்கும் மின்னஞ்சலும் அனுப்பப்பட்டிருக்கிறது. ஆனால் அனுப்பியவரை உறுதிப்படுத்தும் கையொப்பம் அதில் இல்லாததால், பெறும் சேவையகம் அதைத் தள்ளிவிட்டது. வட்டை அப்படியே படிமமாக எடுத்து வைக்கும் வசதியும் தரவுத்தளச் சேவையகங்களுக்கு இயக்கப்பட்டிருக்கவில்லை.

அதே பொறியியலாளர் வேறொரு சோதனைக்காக ஏறத்தாழ ஆறு மணித்தியாலங்களுக்கு முன் கையால் எடுத்த பிரதி ஒன்று தற்செயலாக இருந்தது. அதைக் கொண்டு மறுநாள் தளத்தை மீட்டார்கள். நிரல்கள் வேறிடத்தில் இருந்ததால் தப்பின. ஆயினும் அந்த இடைவெளியில் பதிவான சுமார் 5,000 திட்டங்கள், 5,000 கருத்துகள், 700 புதிய பயனர் கணக்குகள் பாதிப்புற்றன. நிறுவனம் எதையும் மறைக்காமல், மீட்புப் பணியை யூடியூபில் நேரடியாகவே காட்டியது. அதனால்தான் இவ்வளவு விபரம் நமக்குக் கிடைக்கிறது.

இனி நமது மேசைக்கு வருவோம். எதையும் அழிக்கு முன் ‘ஹோஸ்ட்நேம்’ கொடுத்து எந்தக் கணினி என்றும், ‘பிடபிள்யூடி’ கொடுத்து எந்தக் கோப்புறை என்றும் பாருங்கள். அந்த இரு சேவையகங்களின் பெயர்களில் 1, 2 என்ற இலக்கம் மட்டுமே வேறு. முக்கியமான சேவையகத்தின் பெயர் திரையில் சிவப்பு நிறத்தில் தெரியும்படி அமைத்துக்கொள்ளலாம். இடமிருந்தால் உடனே அழிக்காமல் ‘எம்வி’யால் கோப்புறையின் பெயரை மாற்றி ஒரு வாரம் விட்டுவையுங்கள்.

ஸ்கிரிப்ட் எழுதுவோர் முதல் வரிகளிலேயே ‘செட் -இ’ இட்டால், ஒரு கட்டளை தோற்றதும் ஸ்கிரிப்ட் நின்றுவிடும். ஒன்றின் வெளியீட்டை இன்னொன்றுக்குக் கொடுக்கும் இடங்களில் ‘பைப்ஃபெயில்’ என்ற தெரிவும் வேண்டும். இதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். பிரதியெடுத்து முடிந்ததும் கோப்பின் அளவைப் பார்த்து, நேற்றையதை விட மிகச் சிறிதாயின் எச்சரிக்கும்படி இன்னும் இரண்டு வரி சேருங்கள். தோற்றால் மட்டும் மின்னஞ்சல் வருமாறு எழுதுவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. வெற்றிச் செய்தி தினமும் வரட்டும். வராத நாளில் என்னவோ பிழை என்று உடனே தெரியும்.

மாதமொரு முறை பிரதியை வேறொரு கணினியில் மீட்டுப் பாருங்கள். இந்த வேலை சலிப்பானதுதான். ஆனால் சேவையகத்தில் இருப்பது பிறர் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். சலிப்பென்று விட முடியாது.

சேவையகம் இல்லாத மாணவியும் இதை இன்றிரவே செய்யலாம். செயற்றிட்டம் இருக்கும் பென்டிரைவை வாப்பாவின் மடிக்கணினியில் செருகுங்கள். கோப்பு திறக்கிறதா? கடவுச்சொல் கேட்டால் நினைவிருக்கிறதா?